கீழே வைத்த தாழ்ப்பாள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள், அதிலும் கணக்கில் தேறவில்லை. அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் போட்ட கையெழுத்தும், பையனுடைய பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த லீவு லெட்டரும்தான். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்பதற்கே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் எழுதி மற்றவர்கள் படிக்கக் கொடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் வயதான காலத்தில் இருக்கப்போகும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று போனில் வருவதையும் பத்திரிகையில் வருவதையும் என் மருமகள் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். தரை வழுக்கக் கூடாது, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும், வாசலில் படி கூடாது, இரவில் எரிய சின்ன விளக்கு வேண்டும். எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் எல்லாமே விழுகிறவர்களுக்காக எழுதியவை. தள்ளிவிடப்படுகிறவர்களுக்காக யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. என் வீட்டுக்காரருக்கு அறுபத்து ஒன்று. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. முன்கூடத்தில் குழித்தறி. கோர்வைச் சேலை நெய்கிறோம். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் நெசவிலேயே ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள வேண்டும். அதைத் தனி ஆளாக நெய்ய முடியாது. நடுவில் ஒருவர் உட்கார, அவருக்கு வலது பக்கத்தில் கரை நாடாவை, அதாவது கரை நூல் சுற்றிய ஓடக்கட்டையை, வாங்கிப் போட இன்னொருவர் உட்கார வேண்டும். கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து அந்த வலது பக்கம் என்னுடையது. ஒரே பலகை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டுக்கொண்டு, காலை ஏழு மணியிலிருந்து விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்திருப்போம்.

கரையில் ஓர் இழை தவறினால் அவர் கையை ஓங்க மாட்டார். ஓங்க அங்கே இடம் கிடையாது. வலது முழங்கையைப் பின்னால் இழுத்து என் இடது விலாவில் இடிப்பார். அப்போதும் அவர் கண் தறியில் நீட்டிய பாவு நூலின் மேலேயே இருக்கும். இடித்த அதே கையால் அடுத்த இழையைப் போட்டுவிடுவார். முதல் தடவை எனக்கு மூச்சு நின்று, கையிலிருந்த நாடா நழுவிக் குழிக்குள் விழுந்தது. அதற்காக இன்னொரு இடி.

"கண்ண எங்க வெச்சிக்கினு கீற?" என்றார்.

நாடாவின் இரண்டு முனையிலும் இரும்பு உண்டு. ஒரு நாள் அதால் என் தொடையில் குத்தினார். புடவையில் ரத்தம் பரவுவதைப் பார்த்துவிட்டு, "எட்ட குந்து, பட்டுல படப்போவுது" என்றார். நான் நான்கு விரல் அளவு தள்ளி உட்கார்ந்தேன். அதற்கு மேல் தள்ளினால் கரை நாடா கைக்கு எட்டாது. கோர்வைத் தறியில் அடிக்கிறவரை விட்டு விலகி உட்கார முடிகிற தூரம் அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. எங்கள் வீட்டில் அடி விழுந்தால் பக்கத்து வீட்டுத் தறி நின்றுவிடும். ஐந்தாறு இழை போடும் நேரம் நிற்கும். பிறகு ஓடும். அது ஓடத் தொடங்கிவிட்டால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அர்த்தம். நானும் மற்ற வீட்டில் அலறல் கேட்கும்போது நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிறுத்தியிருக்கிறேன். பிறகு போட்டிருக்கிறேன். அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அமாவாசைக்குத் தெரு முழுக்கத் தறிக்கு விடுமுறை. அன்று அவர் விடிகாலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு கோயிலுக்குப் போய் வருவார். இலை போட்டுச் சாப்பிடுவார். முப்பத்து இரண்டு வருடத்தில் அமாவாசையன்று என்னை அவர் அடித்ததே இல்லை. சாமிக்குப் பயந்த மனுஷர் என்று நினைத்திருந்தேன். காலண்டர் வாங்கியதும் அந்தக் கறுப்பு வட்டங்களைத்தான் முதலில் பார்ப்பேன். அம்மா வீட்டுக்குப் போய்வர வேண்டுமா, டாக்டரிடம் காட்ட வேண்டுமா, எதுவானாலும் அன்றைக்குத்தான் கேட்பேன். இந்த நம்பிக்கையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பையன் ஐந்தாவது படித்தபோது ஒரு சம்பவம். அரக்குக் கரையில் நான் வேறு நிற நூல்கண்டை எடுத்து வைத்திருக்கிறேன். நான்கு விரற்கடை நெய்த பிறகுதான் அவர் பார்த்தார். நெய்த சேலையைச் சுற்றும் மரத்தைத் திருப்புவதற்கு ஒரு புளியங்கட்டை வைத்திருப்போம். அதை உருவினார். நான் பலகையிலிருந்து எழுந்துவிட்டேன். தலைக்கு வந்ததைத் தடுக்கக் கையைத் தூக்கினேன். அது இடது தோளெலும்பில் இறங்கியது. காய்ந்த சுள்ளியை ஒடித்தது போல ஒரு சத்தம். அது என் உடம்பிலிருந்து வந்தது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

எங்கள் வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கும் கதவு ஒன்றே ஒன்றுதான். கொல்லைப்புறத்துக் குளியலறைக் கதவு. நான் எப்போதும் அங்கேதான் ஓடுவேன். அன்றும் ஓடினேன். ஆனால் தாழ்ப்பாள் கதவின் மேல் பக்கத்தில் இருந்தது. இடது கை எழவில்லை. அதைத் தாங்கிப் பிடித்திருந்த வலது கையை விட்டால் உயிர் போகிற வலி. விட்டேன். விரல் தாழ்ப்பாளில் படுவதற்குள் கதவு என் முகத்தில் வந்து மோதியது. அன்று அவர் உள்ளே வந்துவிட்டார். அங்கே நடந்ததை எழுத மாட்டேன். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு சிமெண்டு. அது மட்டும் போதும்.

எலும்புக் கட்டுப் போடுகிறவரிடம், "தறிக்குழில விழுந்துட்டேங்க" என்றேன். அவர் அப்படியே நம்பினார். தறிக்குழியில் விழுவது எங்கள் பக்கத்தில் யாருக்கும் நடக்கக்கூடியதுதான். அந்தப் பொய் எனக்கு வசதியாகப் போய்விட்டது. அதன் பிறகு விலா வீங்கியபோதும், பல் போனபோதும், மணிக்கட்டு சுளுக்கியபோதும் தறிக்குழியில் விழுந்தேன். ஒரு தடவை மாற்றத்துக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன்.

கட்டு அவிழ்த்த வாரம் ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவைக் காட்டினேன். உதைத்து உதைத்து தாழ்ப்பாள் பொருந்தும் இடமே பெயர்ந்து போயிருந்தது.

"எலி கடிச்சிடுச்சி ஆசாரி" என்றேன்.

அவர் குனிந்து கதவைப் பார்த்தார். கதவின் நடுவில் ஒரு செருப்புத் தடம் தெளிவாக இருந்தது.

"எலி செருப்பு போட்டுக்கினு வந்துச்சாமா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை. "புதுத் தாழ்ப்பாளைக் கீழ போட்டுடுங்க. கை தூக்க முடியாத நேரத்துல எட்டணும்" என்றேன். சரி என்று சொல்லி, கதவில் முழங்கால் உயரத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். அந்தத் தாழ்ப்பாள் எனக்குப் பல வருடம் உழைத்தது. வெளியே கதவு அதிரும். நான் ஈரத் தரையில் முதுகைக் கதவுக்குக் கொடுத்து, காலை எதிர்ச் சுவரில் முட்டுக் கொடுத்து, தாழ்ப்பாளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு உதையும் முதுகெலும்பு வழியாகப் பல்லுக்கு ஏறும். மூன்று தடவை அதைப் புதுப்பிக்க அதே ஆசாரி வந்தார். பிறகு எலியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் பையன் ஆறாவதிலிருந்தே விடுதியில் தங்கிப் படித்தான். நான்தான் அனுப்பினேன். இப்போது கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எலும்பு முறிந்தவர்கள் இருக்கும் வார்டு. செவிலிமேட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, அங்கேயே மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினார்கள். மாடியில் அவர்களுக்கு, கீழே பின்பக்கம் எங்களுக்கு ஓர் அறை. அறைக்குள்ளேயே பாத்ரூம். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் தறியை நிறுத்திவிட்டு நாங்கள் அங்கே போய்விட வேண்டும் என்று ஏற்பாடு.

அந்த அறையை என் மருமகள் எவ்வளவு அக்கறையோடு யோசித்தாள் என்பதைச் சொல்லாவிட்டால் பாவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"அத்தே, இதுவரைக்கும் எத்தினி வாட்டி விழுந்திருக்கீங்க?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலஞ்சு வாட்டி இருக்கும்மா."

"அஞ்சு ஃபாலா? எங்க எங்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். குழியில் நான்கு, குளியலறையில் ஒன்று. அவள் எழுதிக்கொண்டாள்.

"ஒங்க அத்தைக்கு நடக்கவே தெரியாதும்மா. ஆகாசத்தப் பாத்துக்கினு நடப்பா" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கைய தூக்குங்கத்தே, கம்பி எந்த ஹைட்ல வைக்கறதுன்னு பாக்கணும்."

வலது கை எழுந்தது. இடது கை தோளுக்கு மேல் வரவில்லை. அவள் வார்டில் பழகியவள். முதுகுப்பக்கம் வந்து எலும்பைத் தடவிப் பார்த்தாள். "இது பழைய உடைசல் ஆச்சே" என்றாள். "குழில விழுந்தப்போ" என்றேன். பையன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.

அவள் போட்ட திட்டம் இது. சொரசொரப்பான டைல்ஸ். வாசலில் படி கிடையாது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஸ்டீல் கம்பி. சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு அகலக் கதவு. கடைசியாக, எந்தக் கதவிலும் உள் தாழ்ப்பாள் கிடையாது.

"எங்க வார்டுக்கு வாராவாரம் ஒரு கேஸ் வருதுத்தே. உள்ள தாப்பா போட்டுக்கினு விழுந்துடறாங்க. கதவ ஒடைக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுது. உங்களுக்கு வேற ஃபால் ஹிஸ்டரி இருக்குது. ரிஸ்க் எடுக்கவே கூடாது."

இருபது வருடமாக நான் சொன்ன பொய்யெல்லாம் வரிசையாக அந்த நோட்டில் உட்கார்ந்து, எனக்கு இருந்த ஒரே தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு போனது.

அந்த மாதத்தில் அவர் மூக்கு வைத்த தண்ணீர்க் கிண்டியால் என்னை முதுகில் அடித்தார். பித்தளைக் கிண்டி. வயதாகி அவர் முன்கோபம் அடங்கிவிட்டது என்று பையன் மருமகளிடம் சொல்லியிருந்தானாம். அடங்கவில்லை. கை தளர்ந்ததால் கையில் ஏதாவது எடுத்துக்கொண்டார். முன்பு ஓடினால் பிடிப்பார். இப்போது ஓடினால் எறிவார். எழுபது வயதில், ஊன்றுகோலோடு, தாழ்ப்பாள் இல்லாத அகலக் கதவுக்குப் பின்னால் நான் படுத்திருப்பதை நினைத்துப் பார்ப்பேன். அவருக்கும் அப்போது ஊன்றுகோல் இருக்கும்.

போனில் மருமகளிடம் மெதுவாகக் கேட்டேன். "ஒரு சின்னத் தாப்பா மட்டும் போட்டுக்கலாமாம்மா? கூச்சமா இருக்குது."

அவள் சந்தோஷமாக வழி சொன்னாள். "ஒண்ணு இருக்குதுத்தே! நீங்க உள்ள போட்டுக்கலாம். எமர்ஜென்சின்னா வெளியிலருந்து ஒரு ரூபா காசு வெச்சி திருப்பினா தொறந்துடும். சூப்பர்ல?"

ஒரு ரூபாய் காசு என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும்.

வாயைத் திறந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கதவுகளுக்கு அளவெடுக்க ஆசாரி வருகிற நாளுக்கு நாங்களும் போக வேண்டியிருந்தது. அமாவாசையில் வைத்துக்கொள்ளலாம், தறி இருக்காது என்று நான்தான் சொன்னேன். உண்மையான காரணம் உங்களுக்குத் தெரியும்.

டவுன் பஸ்ஸில் போனோம். அவர் நெற்றியில் விபூதி, தோளில் புதுத் துண்டு. சுற்றிலும் காலி மனைகள், முள் செடிகள். வீட்டுக்குப் பூச்சு முடிந்திருந்தது. மாடியில் டைல்ஸ் வெட்டும் மெஷின் விட்டு விட்டுச் சீறிக்கொண்டிருந்தது. கீழ் அறையில் சுவரோரமாக, பிளாஸ்டிக் காகிதம் பிரிக்காத ஸ்டீல் கம்பிகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். என் பழைய ஆசாரிதான் அங்கேயும் வேலை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நிறுத்தி வைத்த கதவின் அருகில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கதவுக்கு காசுப் பூட்டு, பாத்ரூமுக்கு காசுப் பூட்டு" என்று மருமகள் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தாப்பா வேணும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"அதான் சொன்னேனேத்தே, அதுவும் தாப்பாதான்."

"வெளிய தொறக்காத தாப்பா."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "இன்னாத்துக்குடி? உள்ள பூட்டிக்கினு மகாராணி மாரி தூங்கப் போறியா? புதையல் வெச்சிகிறியா?"

"விழுந்துட்டா என்னா பண்ணுவீங்கத்தே? அஞ்சு வாட்டி விழுந்திருக்கீங்க."

"நான் விழுந்ததே இல்லம்மா" என்றேன்.

மேலே மெஷின் நின்றிருந்தது. வீடு முழுக்க அமைதி. அந்த அமைதியில் மீதியையும் சொன்னேன். "குழில ஒரு வாட்டி கூட விழல. பாத்ரூம்லயும் விழல. எல்லாம் இவரு அடிச்சது. அஞ்சு இல்ல, எத்தினின்னு நான் எண்ணல. இந்த எலும்பு இவரு ஒடைச்சது. போன மாசம் கூட அடிச்சாரு. எனக்கு வெளிய தொறக்காத தாப்பா வேணும். உள்ளயே செத்தாலும் பரவால்ல."

"மா, வீட்ல போயி பேசிக்கலாம்மா" என்றான் பையன், தரையைப் பார்த்து.

என் வீட்டுக்காரர் சுவரில் சாய்த்திருந்த கம்பி ஒன்றைக் கையில் எடுத்தார். எடுத்து, நின்றார். தலையைக் கொஞ்சம் சாய்த்து மேலே கவனித்தார். அன்று அமாவாசை, ஒன்றும் செய்ய மாட்டார் என்று நான் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன். மாடியில் மெஷின் மறுபடி சீறத் தொடங்கியது. அதன் பிறகுதான் அவர் கை எழுந்தது.

முதல் அடி காதுக்கு மேல். அந்த நொடியில் வலியைவிட வேறொன்றுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் அவர் பயந்தது சாமிக்கு இல்லை. அமாவாசையில் தெருவில் தறிச் சத்தம் இருக்காது. என் சத்தம் பக்கத்து வீட்டோடு நிற்காமல் எல்லார் வீட்டுக்கும் கேட்கும். அவ்வளவுதான்.

இரண்டாவது அடியைக் கையில் வாங்கினேன். மூன்றாவதற்குள் மருமகள் குறுக்கே பாய்ந்து என்னைச் சுவரோடு சேர்த்து மூடிக்கொண்டாள். கம்பி சுவரில் பட்டு, புதுப் பூச்சு பெயர்ந்து அவள் தலைமுடியில் கொட்டியது. "ஏ கய்தே, தள்ளு!" என்று அவளையும் பார்த்து ஓங்கினார். அவளுக்கு அதுவரை அந்தக் குரல் தெரியாது.

பையன் பின்னாலிருந்து அவர் கழுத்தை இடது கையால் வளைத்துப் பிடித்தான். பிறகு வலது முழங்கையைப் பின்னால் இழுத்து, அவர் விலாவில் இடித்தான். ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் அவர் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. கம்பி விழுந்து உருண்டது. அவன் நிறுத்தவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. கண் எதிர்ச் சுவரில் இருந்தது. ஏதோ இழையை எண்ணுகிற மாதிரி.

அந்த முழங்கை எனக்குத் தெரியும். அது எங்கே பட்டால் மூச்சு நிற்கும் என்பதும் தெரியும். அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

"விட்றா!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. மாடியில் மெஷின் நின்றது. அவன் கையை எடுத்தான்.

என் வீட்டுக்காரர் சிமெண்டு மூட்டையின் மேல் சரிந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்க வாங்க, என்னைத்தான் பார்த்துச் சொன்னார். "பாத்தியா? பெத்த புள்ள, என்ன அடிச்சிட்டான் பாத்தியா?" நியாயம் கேட்பதற்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லாதவர் போலச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விலாவைப் பிடித்தபடி பஸ்ஸுக்கு நடந்தார். யாரும் கூப்பிடவில்லை. பையன் வெளியே குழாயடியில் போய்க் கையைக் கழுவத் தொடங்கினான். ரொம்ப நேரம் கழுவினான்.

மருமகள் தன் துப்பட்டாவைச் சுருட்டி என் காதுக்கு மேல் அழுத்தினாள்.

"எத்தினி வருஷமாத்தே?"

"உனக்கு அது எதுக்கும்மா."

"தையல் போடணும். கிளம்புங்க."

"ஆசாரி அளவு எடுத்துடட்டும்."

"ரத்தம் நிக்கலத்தே!"

"அளவு எடுத்துடட்டும்மா. அப்பறம் வர்றேன்."

ஆசாரி இடத்தை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையில் அவருடைய உளி இருந்தது. சண்டையின்போது எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

"எங்க வைக்கணும்மா?"

"கீழ."

"முன்ன மாரியா?"

"அதவிடக் கீழ. இப்ப வயசாயிடுச்சி."

கதவு நிலைக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, வலது கையைப் பின்னால் கொண்டுபோனேன். சிரமமில்லாமல் எட்டிய இடத்தில் விரலை வைத்தேன். ஆசாரி குனிந்து என் விரல் நுனியில் கோடு கிழித்தார். கதவில் கொஞ்சம் ரத்தம் ஒட்டியது. துடைக்கப் போனேன். "இருக்கட்டும்மா, எழைச்சிடலாம்" என்றார்.

மருமகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவரிடம் சொன்னாள். "பாத்ரூமுக்கு மட்டும் காசுப் பூட்டு இருக்கட்டும். ரூமுக்கு அத்த சொல்ற தாப்பா. திக்கா போடுங்க. நாலு ஸ்க்ரூ இல்ல, எட்டு." என்னிடம் திரும்பி, "நெஜமாவே விழுந்தா சத்தம் போடணும், சரியா? கூச்சப்படக்கூடாது" என்றாள்.

சரி என்றேன். எழுந்திருக்க அவள் கை கொடுத்தாள். எழுந்தேன். வெளியே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஆசாரியிடம் சொன்னேன்.

"மாடி ரூமுக்கும் அதே அளவுல ஒண்ணு போட்டுடுங்க."

"மாடில எதுக்குத்தே?" என்றாள் மருமகள். "அது எங்க ரூமு."

என் மகன் அவளைப் பார்த்து ஒரு நாளும் கை ஓங்கியதுகூட இல்லை என்பது எனக்குத் தெரியும். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் ஒரு குறை சொன்னதில்லை. பெற்றவளே இப்படி நினைப்பது எவ்வளவு கேவலம் என்றும் தெரியும்.

"இருக்கட்டும்மா" என்றேன்.

அவள் குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஆசாரியைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நான்கு தையல். எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "விழல. அடிச்சது. அப்படியே எழுதுங்க" என்றாள். அப்படியே எழுதினார்கள். அன்றைக்கு அவர்களுடைய வாடகை வீட்டில் படுத்தேன்.

மறுநாள் பிரதமை. ஆசாரி பத்து மணிக்கு வந்து இரண்டு கதவிலும் கீழே தாழ்ப்பாள் போட்டார், ஒவ்வொன்றுக்கும் எட்டு திருகாணி. பிள்ளையார்பாளையத்தில் பக்கத்து வீட்டுக்காரம்மா போன் செய்து, தெருவில் எல்லாத் தறியும் ஓடுகிறது, எங்கள் தறி மட்டும் ஓடவில்லை, வலது பக்கத்துக்கு ஆள் இல்லை என்று சொன்னாள்.